தூங்கிவிட்டாயா என்ற கேள்வி

மேஜைமேல் இருந்த ஹார்ட் டிஸ்க் மறுபடியும் விழித்துக்கொண்டது.

டிக். பிறகு மெல்ல ஏறும் உறுமல். மேஜை லேசாக அதிர்ந்தது.

அவன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் தொட்டில். தொட்டிலுக்குள் சின்னவள். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாது. பேசி முடித்த பேச்சு.

வேலை சின்னதுதான். கம்ப்யூட்டருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் டிரைவர் என்று ஒரு தரகன் இருக்கிறான். ஆள் இல்லை, புரோகிராம்; எழுத்தாலேயே செய்த தரகன். இங்கே கேட்டதை அங்கே சொல்வான், அங்கே தந்ததை இங்கே சேர்ப்பான். கமிஷன் மட்டும் கேட்க மாட்டான். வேலை இல்லாத நேரத்தில் டிஸ்க்கைத் தூங்கவிட அவனுக்குக் கற்றுத்தர வேண்டும்.

டிஸ்க்குக்குத் தூங்கத் தெரியும். தரகன்தான் விடவில்லை.

காலையில்தான் பிடிபட்டது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் தரகன் டிஸ்க்கைக் கேட்கிறான்: நல்லா இருக்கியா?

பதில் சொல்ல, தூங்குகிற டிஸ்க் எழுந்தாக வேண்டும்.

எழுகிறது. இருக்கேன் என்கிறது.

அக்கறைதான். அந்த அக்கறையில் அது கண்ணை மூடியதே கிடையாது.

போன வாரம் டாக்டர் சின்னவளின் எடையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பால் எல்லாம் ஒழுங்கா குடிக்குது. தூக்கம்தான் பத்தல. யாருங்க இத எழுப்பிக்கிட்டே இருக்கறது?"

பொற்கொடி புருஷனைப் பார்த்தாள்.

அவன் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தான்.

தூங்குகிற பிள்ளையின் மூக்கடியில் போய் நிற்கிற விரல். சூடாக ஏதாவது படும்வரை நகராத விரல்.

பெரியவனுக்கு அப்படி யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

பெரியவன் என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். அவன் ஐந்து மாதத்தைத் தாண்டவில்லை. ஒரு மத்தியானம் தொட்டிலில் கிடந்தான். நல்லாத் தூங்குறான் என்று சந்தோஷப்பட்டு, இரண்டு பேருமாக டிவி சத்தத்தைக் குறைத்துவைத்தார்கள்.

அந்தத் தொட்டில் சேலை இப்போது வீட்டில் இல்லை.

சின்னவளுக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது.

பொற்கொடி விருதுநகர் மிளகாய் மண்டி வீட்டுப் பெண். சற்றுமுன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேரத்தை ஆரம்பித்தவள் அவள்தான்.

"ஒரு தூக்கத்துக்கு எத்தனை தடவ பாக்குறீங்க?"

"நாலு."

"பொய்யி. இனிமே ஒண்ணு."

"ரெண்டாச்சும் குடு."

"நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் ஒண்ணுமே கெடையாது. வந்தப்புறம் ஒண்ணு தாரேன். அதுவும் உங்க மூஞ்சிக்காக."

கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறந்தது.

இப்போது அவன், தரகன் நலம் கேட்கிற அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்து அழித்தான்.

இனிமேல் கேட்காதே. ஏதாவது என்றால் அதுவே கூப்பிடும்.

உறுமல் இறங்கியது. இறங்கி, இல்லாமல் போனது.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால்தான் இத்தனை நேரம் ஒளிந்திருந்தோம் என்று அவனுக்கு அப்போது தெரிந்தது.

தொட்டில் கயிறு முனகவில்லை. கொக்கி அசையவில்லை.

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அதுவே கூப்பிடும்.

பெரியவன் கூப்பிடவில்லை.

டிக்.

டிஸ்க் எழுந்துவிட்டது.

அவன் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. கை தொடைக்கடியில்தான் இருக்கிறது.

கையை உருவி, கீபோர்டில் தட்டித் துழாவினான். கம்ப்யூட்டரின் வேறொரு மூலையில் வேறொரு புரோகிராம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. நல்லா இருக்கியா? தரகனுக்குத் தெரியாமல், பின்வாசல் வழியாக. இத்தனை நாளும் பழி முழுக்கத் தரகன் தலையில்.

அதையும் நிறுத்தினான்.

மறுபடி அமைதி. எழுத்து ஓடிக்கொண்டிருந்த திரை வெறும் கறுப்பானது.

கறுப்பில் அறை தெரிந்தது. ஜன்னல் தெரிந்தது. தொட்டில் தெரிந்தது.

தொட்டிலருகே ஓர் உருவம்.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பொற்கொடி. தலை நனையவில்லை. ஒரு கையில் கழற்றிய கொலுசுகள், குலுங்காமல் இறுக்கிப் பிடித்தபடி. இன்னொரு கையின் விரல் தொட்டில் சேலையின் மடிப்புக்குள் இருந்தது.

அந்த முகம் அவனுக்குப் பழக்கம். ஷேவ் பண்ணும்போது தினமும் பார்க்கிறான்.

சின்னவள் சிணுங்கினாள்.

பொற்கொடியின் தோள் தளர்ந்தது. வந்த மாதிரியே போனாள்.

அவன் திரும்பவில்லை.

குழாய் நின்றது. ஈரத் தலையோடு, காலில் கொலுசு பேச, வெளியே வந்தாள்.

"பாத்தீங்களா?"

"இல்ல."

"நம்பலாமா?"

"நம்பு."

"சரி, சொன்ன சொல்லு சொல்லுதான். போயி உங்க ஒண்ணப் பாத்துக்குங்க."

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"என்னோடதையும் நீயே எடுத்துக்க, கொடி."

கொலுசு நின்றது.

கூந்தலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

நாற்காலி திரும்பியது. திரையில் பார்த்தவளை அவன் இப்போது நேராகப் பார்த்தான்.

அவள் தொட்டில்வரை போனாள். விரலை நீட்டாமல் முந்தானையில் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றாள். அவனும் வந்து பக்கத்தில் நின்றான். தொட்டில் சேலைக்குள் எதுவும் அசைகிற மாதிரி தெரியவில்லை.

ஏதாவது என்றால் கூப்பிடுவாள்.

பக்கத்து வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.