தேறாத கை

அந்தக் குழந்தை இரண்டாவது தடவையும் செத்துப்போனது.

குழந்தை என்றால் சிலிக்கோனில் வார்த்த இதய வால்வுதான். கம்பாலாவில் நாளைக்கு ஆபரேஷன் நடக்கப்போகும் ஒன்பது வயதுப் பிள்ளையின் ஸ்கேனை வைத்து, ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையைப் பார்த்துக்கொள்ளும் நபுகேரா என்ற பெண் வார்த்தது. அவளுக்கு நோயாளியின் எண் மட்டும்தான் தருவார்கள், பெயர் தரமாட்டார்கள்.

பெரிய டாக்டர் செருவாடா தைத்து முடித்துத் தண்ணீரைப் பாய்ச்சினார். ஒழுகியது. காலையில் இளைய டாக்டர் லுபேகா இதே அச்சில் வார்த்த வால்வை ஒரு சொட்டு ஒழுகாமல் தைத்திருந்தார். இவர் கையோ நடுங்கியது. ஆயிரம் நெஞ்சைத் திறந்த கை, ஒரு நாளும் நடுங்கியதாக யாரும் சொன்னதில்லை.

எவ்வளவு பெரிய ஆளானாலும் முந்தின நாள் பொம்மையில் தேறினால்தான் மறுநாள் கத்தியைத் தொடலாம். மூன்று தடவை முயலலாம். அவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய் அறைக் கதவை உள்பக்கமாகச் சாத்தினார்.

"இன்னும் ஒரு தடவை இருக்கு, டாக்டர்" என்றாள் நபுகேரா.

"வேண்டாம். ரிசல்ட்டை எழுது."

நபுகேரா பேனாவை எடுத்தாள். அடுத்த வாரம் அவள் வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போடவேண்டியவரே இவர்தான். இதே நாற்காலியில் முன்பு இருந்தவன் ஒரு டாக்டரைத் தேறவில்லை என்று எழுதினான். இப்போது வாடகை பைக் ஓட்டுகிறான்.

டாக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "தெளிவா எழுதி, கீழ உன் பேரைப் போடு. இதைக் காட்டவேண்டிய இடத்துல காட்டுவேன்."

'தேறினார்' என்று ஒரு வார்த்தை எழுதினால் பிழைப்பு ஓடும். ஆனால் அந்தப் பிள்ளை? பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. 'தேறவில்லை. டாக்டர் லுபேகா செய்யலாம்' என்று எழுதிப் பெயரைப் போட்டு நீட்டினாள். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தார்.

"நீதான் தொடணும், வேற யாரையும் விடமாட்டேன்னு அவ ஒரே பிடிவாதம். இதைப் பார்த்தாத்தான் லுபேகாவை விடுவா."

"யாரு, டாக்டர்?"

"என் பொண்டாட்டி. நாளைக்கு ஆபரேஷன் டேபிள்ல படுக்கப்போறது எங்க பொண்ணு."