மூன்று ஊரிலும் ஒரே கேள்வி

"கண்ணாடியைக் கார்லயே விட்டுட்டு வந்துட்டீங்களான்னு ஒரு தடவை பாத்துக்குங்க சார்."

ஹோட்டல் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்ற ரோண்டா சிரித்தபடிதான் சொன்னாள். லெனார்ட் பாசெக்கின் கை சட்டைப்பையைத் தடவியது. பை காலி.

எழுபத்தைந்து வயது மனிதர் கண்ணாடியை மறப்பதில் அதிசயமில்லை. ஆனால் டெ மாய்ன் நகரத்துக்கு அவர் வருவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அவர் மறப்பார் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

"யாரும்மா உனக்கு இதைச் சொன்னது?"

"சும்மா கேட்டேன் சார். இருபத்தாறு வருஷமா எங்க மெம்பர் நீங்க. நாங்க பாத்துக்க வேண்டாமா?" அறை அட்டையை நீட்டினாள். "ரோட்டுச் சத்தம் கேக்காத பக்கமாப் போட்டிருக்கேன். போர்வை ஒண்ணு கூடுதலா வெச்சிருக்கோம்."

போர்வையும் அவர் கேட்கவில்லை.

டொலிடோவிலிருந்து கிளம்பி அன்று மூன்றாம் நாள். மனைவி தவறிய பிறகு அவர் தனியாகப் போகும் முதல் பயணம். ஒமாஹாவில் கடற்படைத் தோழன் ஒருவனுக்குப் பிறந்தநாள். வழி நெடுக இந்த ஒரே ஹோட்டலின் கிளைகள்தான். வேறெங்கும் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. முதல் நாள் சவுத் பெண்டில், மாலை ஏழு மணிக்கு அறைத் தொலைபேசி அடித்தது. "சாப்டீங்களா சார்? பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" வேறு யாருக்கோ வந்த அழைப்பு என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் டாவன்போர்ட்டிலும் அதே ஏழு மணி, அதே கேள்வி. இப்போது இங்கே கண்ணாடி.

காருக்குப் போனார். முன் இருக்கையில் கண்ணாடி கிடந்தது. அதைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. இது ஷெரிலின் வேலை. மகளைத் தவிர வேறு யாருக்கு அவருடைய மாத்திரை தெரியும்?

போன மாதம் கேரேஜ் கதவில் காரை லேசாக உரசிவிட்டார். அன்றிலிருந்து அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள்: கார் சாவியைக் கொடுங்கள், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வாருங்கள். மறுத்தால் லைசென்ஸ் ஆபீசுக்கே எழுதிப் போடுவாளாம். எழுதுவதற்கு ஆதாரம் வேண்டாமா? அதற்குத்தான் ஊருக்கு ஊர் ஆள் பிடித்திருக்கிறாள். லைசென்ஸ் போனால் அவர் கதை முடிந்தது. அவள் வீட்டுப் பின்னறையில், பிரிக்காத பார்சல் மாதிரி ஒரு மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

காரிலேயே உட்கார்ந்து போன் போட்டார்.

"ஏண்டி, பெத்த அப்பனையே வேவு பாக்குறியா?"

"என்னப்பா உளர்றீங்க? முதல்ல எங்க இருக்கீங்க, அதைச் சொல்லுங்க."

"தெரியாத மாதிரி நடிக்காதே. மாத்திரை, போர்வை, கண்ணாடி எல்லாத்தையும் ஹோட்டல்காரங்ககிட்ட ஒப்பிச்சிருக்கே. நாளைக்கு இந்தக் கெழத்துக்கு ஒண்ணும் ஞாபகமில்லைன்னு மூணு ஊர்ச் சாட்சியோட போய் நிப்பே."

"நீங்க எங்க தங்குறீங்கன்னே எனக்குத் தெரியாது. போனை எடுத்தாத்தானே கேக்கிறதுக்கு! சத்தியமா நான் இல்லை. ஆமா, கண்ணாடின்னீங்களே, கண்ணாடி இல்லாமயா வண்டி ஓட்டினீங்க?"

"நிறுத்தின பிறகுதான்டி கழட்டினேன்!"

பட்டென்று வைத்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது இன்னும் எரிந்தது. சத்தியமாம்! எத்தனை சத்தியம் பார்த்திருக்கிறார் அவர்.

மறுபடி வரவேற்பு மேஜைக்கு வந்தார். உறுப்பினர் அட்டையை எடுத்து மேஜைமேல் தட்டென்று போட்டார்.

"இதோ பாரும்மா. ஷெரில்னு ஒருத்தி, என் மகதான், இங்க போன் பண்ணாளா இல்லையா? மறைக்காம சொல்லு. இல்லேன்னா இந்த அட்டையை இங்கேயே ஒடைச்சுப் போட்டுட்டு எதிர் ஹோட்டலுக்குப் போறேன்."

ரோண்டாவின் சிரிப்பு மறைந்தது. "யாரும் போன் பண்ணலை சார். உங்க கணக்குல ஒரு குறிப்பு இருக்கு. நீங்க எந்த ஊர்ல அறை எடுத்தாலும் எங்க திரையில அது வந்துடும். உங்ககிட்ட காட்டிக்க வேண்டாம்னும் அதுலயே போட்டிருக்கு."

"அப்படிச் சொல்லு! எப்ப எழுதி வெச்சா?"

"ரெண்டு வருஷம் முந்தி. அக்டோபர்ல. எங்க தலைமை ஆபீசுக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க."

லெனார்ட் புருவத்தைச் சுருக்கினார். இரண்டு வருடம் முன்பு ஷெரில் கார்ப் பேச்சையே எடுக்கவில்லையே.

"யார்கிட்ட கதை விடுறே? அதுக்கு அடுத்த ஏப்ரல்ல சிகாகோவுல உங்க ஹோட்டல்லதான் நாலு நாள் இருந்தோம். ஒருத்தராவது மாத்திரையைப் பத்தி வாயைத் திறந்தாங்களா?"

"திறந்திருக்க மாட்டாங்க சார்."

"அதான் ஏன்னு கேக்கிறேன்! படி. அந்தக் குறிப்புல இருக்கிறதை அப்படியே படி."

ரோண்டா திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு தணிந்த குரலில் படித்தாள்.

"'சொன்னவர்: மனைவி ஐரீன் பாசெக். இப்ப எதுவும் செய்ய வேண்டாம், நான் கூடவே இருக்கேன். என்னைக்கு இவர் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அறை கேட்டு வர்றாரோ, அன்னையிலேருந்து ஆரம்பிங்க.'"