பெட்டிக்குள்ளே சகாயம்

பானெட்டைத் திறந்து பார்த்ததும் இனிகோவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“குப்புராஜண்ணா, கம்ப்யூட்டர் கார்பரேட்டரை ரிப்பேர் பண்ணிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்க. இங்க சாதா கார்பரேட்டர் இல்ல உக்காந்திருக்குது?”

அதியமான்கோட்டையில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒர்க் ஷாப். பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குப்புராஜ் பழந்துணியில் கையைத் துடைத்தார்.

இனிகோ ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் கண்ணிலேயே மண்ணைத் தூவுவதா? டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து, கார்பரேட்டரை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து வந்த ஒயரை இழுத்தான். கையோடு வந்துவிட்டது.

“இது எங்கயுமே போகலை. ஆனா சாவி போட்டா லைட்டு மட்டும் எரிஞ்சு அணையுது. அதுக்குன்னு தனியா ஒரு ஒயர் வேற. வயசானவங்ககிட்ட எதுக்குண்ணா இந்த ஏமாத்து வேலை? இருங்க, அம்மா வரட்டும்.”

அது அவனுடைய அண்ணன் சகாயத்தின் கார். எண்பதுகளில் ஜப்பானிலிருந்து வந்த ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூரில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து, சகாயமும் குப்புராஜும் சேர்ந்து அதற்கு உயிர் கொடுத்தார்கள். சேலத்துக்கு பைக்கில் கிளம்பிய சகாயம் தொப்பூர் கணவாயில் லாரி மோதிச் செத்துப்போன பிறகு, அம்மா இசபெல்லா டிரைவிங் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இந்தக் காரில்தான் போவாள். கல்லறைத் திருநாளுக்கு மகனைப் பார்க்கப் போவதும் இதில்தான். வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாள்.

கொஞ்ச நாளாக வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு, நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கியது. நாளைக்குக் கல்லறைத் திருநாள். அதனால்தான் இந்த அவசரம்.

“தம்பி, கொஞ்சம் மெதுவா பேசுங்க” என்றார் குப்புராஜ். “அந்தக் கார்பரேட்டர் முடிஞ்சு போச்சுங்க. அதுக்கு இப்ப எங்கயும் சாமான் கெடைக்கறதில்லை. சாதாதான் போட முடியும்.”

“அதைச் சொல்லிட்டே போட்டிருக்கலாமில்ல?”

“அம்மாகிட்ட சொல்ல முடியாதுங்க.”

“ஏன்?”

குப்புராஜ் தரையைப் பார்த்தபடி பேசினார்.

“அடக்கம் முடிஞ்சும் அம்மா சோத்துல கை வைக்காம கெடந்தாங்க. யாரு சொல்லியும் கேக்கலை. எனக்கு வேற வழி தெரியலீங்க. ‘ஓட்டறவங்க கால் எப்படி மிதிக்குதுன்னு பாத்து, அதுக்குத் தகுந்தாப்பல பெட்ரோல் விடறதுதாம்மா இந்தக் கம்ப்யூட்டர். சகாயத்தோட மிதி அப்படியே அதுக்குள்ள இருக்குது. நீங்க ஓட்டினா அவனே ஓட்டற மாதிரி’ன்னு ஒரு பொய்யைச் சொன்னேன். அன்னைக்குத்தாங்க சாப்பிட்டாங்க.”

இனிகோவின் குரல் இறங்கிப்போனது.

“பேட்டரியைக் கழட்டினாலே அதுக்கு எல்லாம் மறந்துடுமேண்ணா.”

“எனக்குத் தெரியுங்க. அம்மாவுக்குத் தெரியாதில்ல? இப்ப போயி அந்தப் பொட்டி வேலை செய்யலைன்னு சொன்னா, அவங்களுக்கு மறுபடியும் ஒரு சாவுங்க தம்பி. கும்புட்டுக் கேக்கறேன், சொல்லிடாதீங்க.”

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இசபெல்லா இறங்கினாள்.

“என்ன குப்பு, ஆச்சா?”

குப்புராஜின் முகத்தில் ஈயாடவில்லை. இனிகோவைப் பார்த்தார். இனிகோ கையிலிருந்த ஒயரைச் சத்தமில்லாமல் பெட்டிக்குப் பின்னால் செருகினான்.

“ஆச்சும்மா” என்றான் இனிகோ. “கம்ப்யூட்டர் நல்லா இருக்குது. நானும் பாத்துட்டேன்.”

அம்மா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். சின்ன லைட் எரிந்து அணைந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். வண்டி புகையில்லாமல் உறுமியது.

“பாத்தியா குப்பு, சகாயம் மிதிக்கற மாதிரியே இருக்குது!”

குப்புராஜ் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

“நாளைக்குக் கல்லறைக்கு நீயும் வந்துடு சாமி.”

“வரேங்கம்மா.”

வண்டி பென்னாகரம் ரோட்டில் திரும்பியது. பெரிய புண்ணியம் ஒன்றைக் கட்டிக்கொண்ட நிறைவு இனிகோவுக்கு.

“அண்ணன் ஓட்டற மாதிரியே போகுதில்லம்மா?” என்றான்.

“சும்மா இருடா” என்றாள் அம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “இத்தனை வருஷமா ஓட்டறேன், சாதா கார்பரேட்டர் மாட்டியிருக்கறது காலுக்குத் தெரியாதா?”

இனிகோ திகைத்துப்போனான்.

“அப்போ... அந்தப் பொட்டியில...”

“அதுல ஒண்ணும் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். பேட்டரியைக் கழட்டறப்ப எல்லாம் உங்கண்ணன்தான் சிரிச்சுக்கிட்டே சொல்லுவானே, ‘அம்மா, இதுக்கு இப்ப எல்லாம் மறந்துபோச்சு’ன்னு.”

“பின்ன ஏம்மா நம்பற மாதிரியே இருந்தீங்க?”

எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டாள்.

“அன்னைக்கு இந்தக் கார்பரேட்டருக்குச் சாமான் வாங்கிட்டு வாடான்னு உங்கண்ணனைச் சேலத்துக்கு அனுப்பினது குப்புதான். அடக்கத்தன்னைக்கு நம்ம வூட்டு வாசப்படி மிதிக்கப் பயந்து, தெருவுலயே நின்னு அழுதுக்கிட்டிருந்தான். அப்புறம் உள்ள வந்தது அந்தப் பொய்யைச் சொல்லத்தான்.”

அம்மா கியரை மாற்றினாள்.

“நான் அதை நம்பலைன்னா, அந்தப் புள்ள எப்படிடா என் மூஞ்சில முழிக்கும்?”