நாலாம் நம்பர் ராணி

கௌசல்யா பரணுக்கு நேராக ஸ்டூலைப் போட்டதும், அவள் கணவன் பழனிக்குமாரின் இடுப்பு வலி போய்விட்டது.

மூன்று வார வலி. பழைய மானிட்டரை இறக்கித் தரச் சொன்ன அன்று வந்தது.

அந்த மூன்று வாரமும் அவள் வெளிநாட்டுக்காரர்களோடு சண்டையில் இருந்தாள். பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இன்றைய மிஷினிலும் ஓட வேண்டும் என்று சம்பளமில்லாமல் இன்ஜின் என்கிற புரோகிராமை எழுதுகிற கூட்டம் அது. அதில் ஓடும் ஒரு விளையாட்டில் ராணியின் முகம் வெளிறிப்போய் வருகிறது, வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளித்த முகம் மாதிரி இருக்க வேண்டும் என்று கலர் எண்களைத் திருத்தி அனுப்பியிருந்தாள்.

ஏற்றுக்கொண்டால், இன்ஜின் எழுதியவர்கள் பட்டியலில் இந்த வடமதுரைக்காரி பெயரும் ஏறும். இன்றைக்குள் பழைய மானிட்டரில் ராணி தெரிகிற படத்தைக் காட்டாவிட்டால் திருத்தத்தைத் தள்ளிவிடுவார்கள்.

காட்ட முடியாதா என்ன?

பாலிடெக்னிக் படிக்கும்போது, பழனிக்குமார் திண்டுக்கல்லில் நடத்திய பிரவுசிங் சென்டரில், நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் இதே விளையாட்டை விளையாடியவள் அவள். மற்ற மூன்றிலும் கலர் சரியில்லை என்று சொன்னபோது அவனே தலையாட்டினான். பிற்பாடு அவனையே கட்டிக்கொண்டாள்.

அந்த நாலாம் நம்பர் மானிட்டரை அவனே இறக்கினான். அவள் வயரைச் சொருகினாள். ராணி வந்தாள், முகமெல்லாம் மஞ்சள்.

“பாத்தீங்களா!” செல்லைத் தூக்கினாள், படம் பிடிக்க.

“செத்த இரு. அந்த ஊக்கக் குடு.”

தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் வயரைப் பிடுங்கினான். முனையில் வளைந்து கிடந்த ஒரு கம்பியை நிமிர்த்தி, மறுபடி சொருகினான்.

ராணிக்குப் பின்னால் இருந்த கடல் நீலமானது. ராணி வெளிறிப்போனாள்.

கௌசல்யா ராணியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“மொத நாளே தெரியும்” என்றான். “நிமித்தியிருந்தா நீ வேற நம்பர்ல போய் உக்காந்திருப்ப.”

நாலாம் நம்பருக்கு எதிரேதான் அப்போது அவன் நாற்காலி.

அவள் கீபோர்டை இழுத்தாள். தவறு தன் பக்கம்தான் என்று அந்தக் கூட்டத்துக்கு எழுதி, திருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பெயர் ஏறப்போவதில்லை.

அவன் மானிட்டரைப் பரணில் ஏற்ற எழுந்தான்.

“வேணாம், இடுப்பு புடிச்சுக்கும்” என்றாள்.

வயரைப் பிடுங்கி, அதே ஊக்கால் கம்பியைப் பழையபடி வளைத்தாள்.