நிதானமாக ஓட்டுகிறவன்

"எம் பையனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது சார். கட்டவிழ்த்து விட்ட காளை மாதிரி போவான்" என்றாள் மாமியார்.

கட்டிலில் படுத்திருந்த மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். செத்துப்போன பிள்ளையை, அதுவும் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவர் எதிரில், பெற்றவளே இப்படிப் பேசுவாளா?

மழை ஈரம் காயாத ரோடு. குறுக்கே ஒரு நாய். ஒதுங்கப் போய்க் கரண்ட் கம்பத்தில் மோதிய மோட்டார் சைக்கிள். ஓட்டிய கணவன் அங்கேயே போய்விட்டான். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று.

அதோடு அவள் பிழைப்பான தையல் மிஷினும் நின்றது. செயற்கைக் கால் போட்டால் மறுபடி மிஷினை மிதிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வண்டியின் இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் அது நடக்கும். வராவிட்டால் ஆயுசுக்கும் இந்தக் கட்டில்தான்.

விசாரிக்க வந்தவர் பசு போல இருந்தார். வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டார். குடிக்கத் தண்ணீர் மட்டும் போதும் என்றார். சுவரிலிருந்த போட்டோவின் முன் கொஞ்ச நேரம் நின்றார்.

"முகத்திலேயே தெரியுதும்மா. பொறுப்பான பிள்ளை."

அவன் போன பிறகு அவனைப் பற்றி யாரும் இப்படி ஒரு நல்ல வார்த்தை சொல்லி மருமகள் கேட்டதில்லை.

மாமியார் விடுவதாக இல்லை. சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சு கேட்காதவனாம். அன்றைக்கும் தெருமுனையிலேயே வண்டியை முறுக்கினானாம். "மெதுவாப் போடான்னு கத்தினேன் சார். இவ காலைப் பறிச்சது நாய் இல்ல, அவன்தான்."

போட்டோ இருந்த பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

முழுப் பொய். அன்றைக்கு அவள் சொன்னது மருமகளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "சைக்கிள்காரன்கூட உன்னை முந்திட்டுப் போறான், இன்னைக்குள்ள போய்ச் சேருவியாடா?" என்று கேலி செய்துதான் வழியனுப்பினாள்.

மாமியாருக்கும் அவளுக்கும் என்றுமே ஏழாம் பொருத்தம். பெண்டாட்டி பக்கம் பேசுகிறான் என்று மகன் மேலும் கோபம். ஆனால் செத்த பிறகுமா?

"அம்மா துக்கத்துல ஏதோ பேசறாங்க" என்று வந்தவர் கட்டில் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். "கூட இருந்தவங்க நீங்க. நீங்களே சொல்லுங்கம்மா, அவர் எப்படி ஓட்டுவாரு?"

மாமியார் குறுக்கே வந்து நின்றாள். "அவ மயங்கிக் கிடந்தவ, அவளுக்கு என்ன தெரியும்? நீ வாயைத் திறக்காதடி."

"போதும் அத்தை." அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "பெத்தவங்களுக்கே அவர் வேண்டாதவரா இருக்கலாம். எனக்கு அப்படி இல்ல. எழுதிக்குங்க சார். அவ்வளவு நிதானமா ஓட்டுற ஆளை நான் பார்த்ததே இல்ல. அந்த வாயில்லா ஜீவன் அடிபடக் கூடாதுன்னு ஒதுங்கினாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டார். படித்தும் காட்டினார். 'ஒரு தப்பும் இல்லை' வந்தபோது நிறுத்தி, சரிதானே என்று கேட்டார். சரி என்றாள். கையெழுத்துப் போட்டாள். அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

"இப்படி ஒரு மனைவி அமைய அவர் கொடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பினார். இதெல்லாம் பெத்த வயிறா என்று முணுமுணுத்தபடி அக்காவும் போய்விட்டாள்.

மாமியார் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அழுகை சத்தமில்லாமல் வந்தது.

"பேசறதெல்லாம் பேசிட்டு இப்ப எதுக்கு அழறீங்க?"

"காலையில வக்கீலைப் பார்த்துட்டு வந்தேன். ஓட்டினவன் மேல தப்பு இருந்தாத்தான் பின்னாடி உட்கார்ந்தவங்களுக்குப் பணமாம். அவன் ஒழுங்கா ஓட்டினான்னு எழுதிட்டா உனக்குச் சல்லிக்காசு வராதாம். அந்த ஆளு எதுக்கு அவனை அப்படித் தூக்கி வச்சுப் பேசினான்னு நினைக்கிற?"

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் பதறி எழுந்து ஓடப் பார்த்தாள். ஓடக் கால் இல்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை."

"எப்படிடி சொல்லுவேன்? சொன்னா, நீயும் உன் வாயால அவனைக் குத்தம் சொல்லணுமே. அந்தப் பாவம் உனக்கு வேண்டாம், பெத்தவ நானே சொல்லிக்கிறேன்னுதான்..."