பொறுமையுடன் கொண்டாடுவோம்

என் மாம்பழ மஞ்சள் புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் பீஸ் கிடைத்து அரை மணி ஆகியிருந்தது. அதைப் புடவைக்கு அடியில் தள்ளி மறைத்துவிட்டு, இன்னும் ஒரு ஷேடு கம்மியாகக் காட்டு என்று லட்சுமணனை விரட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னே? இப்படிப்பட்ட நாளில் யாராவது கடையை விட்டுக் கிளம்புவார்களா?

கரோல் பாக் தமிழ்க் குடும்பங்கள் மேட்சிங்குக்கு வருவது லட்சுமணன் கடைக்குத்தான். போன வாரம் அவன் பெண் ஜ்யோத்ஸ்னா, வாசல் கண்ணாடிக்குப் பின்னால் ஆறு நிறத் துணியை வளைத்து ஒரு வானவில் கட்டினாள். ஒரு நிறம் குறைகிறதே என்றேன்.

"இதுல ஆறுதான் ஆன்ட்டி."

அதற்கு மேலே, துணியில் எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டியிருந்தாள்: பொறுமையுடன் கொண்டாடுவோம்.

எங்களுக்குச் சுருக்கென்றது. ஒரு பீஸ் எடுக்க நாற்பது பீஸ் விரிக்க வைக்கிறோமே, அதைத்தான் குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தோம். இரண்டு நாள், காட்டிய முதல் பீஸையே வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போனோம்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மாதக் கடைசியில் பாரகம்பா ரோட்டில் வானவில் கொடி பிடித்து ஊர்வலம் போகிறார்களே, ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், அவர்களுக்கான வாழ்த்தாம் அது. அவள் எழுத நினைத்தது 'பெருமையுடன்'. டெல்லியில் பிறந்த பெண். ஹிந்தியில் கவிதை எழுதுவாள். தமிழில் பெருமையும் பொறுமையும் அவளுக்கு ஒன்றுதான்.

எங்கள் தமிழ்க் குடும்பங்களின் மன்றத்து வாட்ஸாப் குழு கொதித்தது. இன்று சாயங்காலத்துக்குள் அதை எடுக்காவிட்டால் பொங்கல் விழாவுக்குத் துணி வேறு கடையில், நம் வீட்டுப் பெண்களும் இனி அந்தப் பக்கம் போகமாட்டார்கள் என்று தீர்மானம். பெண்களை யாரும் கேட்கவில்லை. நான் அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

லட்சுமணன் பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். கேட்டவர்களிடமெல்லாம், பொறுமை என்றுதானே போட்டிருக்கிறது, பொறுமை நல்லதுதானே என்றான். உன் இஷ்டம்மா, நம்ம கடைதானே என்று போன வாரம் மகளிடம் சொன்னவனும் இவன்தான். ஜ்யோத்ஸ்னா அப்பாவின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

அப்போதுதான் மன்றத் தலைவர் ராமமூர்த்தி உள்ளே வந்தார். கூடவே அவருடைய ரூம்மேட் செல்வராஜ். வாடகை கட்டுப்படியாகாமல் அந்தக் காலத்தில் ஒரே மாடி அறையில் ஒண்டிக்கொண்ட மத்திய அரசு குமாஸ்தாக்கள். டெல்லியில் அப்படி எத்தனையோ பேர்.

ராமமூர்த்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தைப் படித்தார். விழா மலரில் சந்திப்பிழை விட்டவர்களை மேடையிலேயே திட்டுகிற மனிதர். நான் ஸ்டூலை வசதியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"லட்சுமணா, தப்பா இருக்கே."

"எடுத்துடறேன் சார்."

"எதுக்கு எடுக்கணும்? திருத்து. துணைக்காலை எடு. பெரிய று-வுக்குப் பதிலா சின்ன ரு போடு."

லட்சுமணன் குரலைத் தாழ்த்தினான். நான் கழுத்தை நீட்டினேன்.

"சார், இந்தப் பிழையாலதான் தப்பிச்சுட்டு இருக்கேன். திருத்தினா எல்லாருக்கும் புரிஞ்சுடும்."

"புரியட்டும். பொறுமையா இருந்தது போதும்ப்பா."

அடப் பாவமே, தமிழ்ப் பைத்தியம் இப்படி முற்றிவிட்டதே என்று நினைத்தேன்.

லட்சுமணன் அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் நின்ற செல்வராஜைப் பார்த்தான். எது எதோடு சேரும் என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண். என்ன கண்டானோ, கத்தரிக்கோலை எடுத்து மகளிடம் நீட்டினான்.

"நல்லாப் பெரிசா வெட்டும்மா."

செல்வராஜ், நானே ஒட்டுகிறேன் என்று என்னை எழுப்பிவிட்டு ஸ்டூலை வாங்கிக்கொண்டார். ராமமூர்த்தி அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

பாதியில் லட்சுமணனின் போன் அடித்தது. மன்றத்திலிருந்து. ஸ்பீக்கரில் போடு என்று கண்ணாலேயே கெஞ்சினேன், போட்டான். எடுத்தாச்சா என்றது குரல்.

"எடுத்தாச்சு சார், ஒரு துணைக்காலை. இப்ப பெருமைன்னு சரியா இருக்கு. அப்படியேதான் இருக்கும்."

வைத்துவிட்டான். ஜ்யோத்ஸ்னா அப்பாவை நேராகப் பார்த்து, "பாப்பா, ஏக்தம் சூப்பர்" என்றாள். டெல்லிப் பெண்ணுக்கு அப்பாவும் பாப்பாதான்.

செல்வராஜ் இறங்கினார். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

ராமமூர்த்தி பிடித்த கையை விடவில்லை. வயசானவர், ஸ்டூல் ஆடியிருக்கும், அதனால்தான் என்று நானும் பெரிய மனசோடு காத்திருந்தேன். விடவே இல்லை. நடுக்கடையில், வெளியே போகிற சனிக்கிழமைக் கூட்டம் மொத்தமும் பார்க்க.

இந்த இரண்டு பேருக்கும் பெண் பார்க்க எத்தனை ஜாதகம் தூக்கிக்கொண்டு அந்த மாடி ஏறியிருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் செல்வராஜ் டீ போட்டுக் கொடுப்பார். ராமமூர்த்தி ஜாதகத்தைத் திருப்பி என் கையிலேயே வைத்து, பொருந்தாதும்மா என்பார்.

பிரித்துக்கூடப் பார்க்காமல்.