மகள் வீட்டுக் காடு

"நாலு மணிக்கு வீட்டைப் பாக்க ஆளுங்க வர்றாங்களாம். அதுக்குள்ள இந்தக் காட்டை வெட்டிப்போட்டுடுப்பா. என் பொண்ணு மானமே இதுலதான் இருக்கு."

தெருமுனையில் வேலைக்கு நின்ற என்னைக் கூட்டி வந்த அம்மா சொன்னார். மகள் வீட்டுக்கு அன்றுதான் முதல்முறையாக வந்தவர்.

வாழையும் மூங்கிலும் கொடியும் பின்னி வாசலே தெரியவில்லை.

"பொண்ணு மாப்பிள்ளை எங்கம்மா?"

"வர்றவங்களைக் கூட்டியாரப் போயிருக்காங்க. வந்து பாத்து அசந்து போகணும்."

"பாம்பு கீம்பு இருக்குமா?"

"இருந்தா அதையும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லு."

வெட்டினேன். இடுப்பு விட்டுப்போனது. மூங்கில் தூரில், மண்ணுக்கடியில் ஒரு தண்ணீர்க் குழாய் தட்டுப்பட்டது. காட்டுக்கு யார் குழாய் போட்டார்கள் என்று கை நின்றது.

"மணி மூணரை. நிக்காதே."

கடைசி வாழை சாயவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளை, வந்தவர்களைப் பார்த்துப் பேசியபடியே பின்னோக்கி நடந்து கேட்டுக்குள் வந்தார்.

"ஒவ்வொரு செடியும் நாங்க ரெண்டு பேரும் இடம் பாத்து வச்சது. ஆனா மனுசன் கை பட்ட தோட்டம்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

அம்மா துடைப்பத்தோடு முன்னால் போனார்.

"இப்ப திரும்பிப் பாருங்க, மாப்பிள்ளை."